பூஜ்ஜியத்துக்குப் பெயர் இல்லை

1

லினக்ஸில் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிப் பழகியவர்களுக்கு மூன்று வரிகள் மனப்பாடமாக இருக்கும். ஓட்டுபவரின் பயனர் எண் பூஜ்ஜியமா என்று பார். இல்லையென்றால் 'இதை ரூட்டாக ஓட்டவும்' என்று திரையில் எழுது. எழுதிவிட்டு வெளியேறு. அவ்வளவுதான். கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் வேலையில் சீனியர் எழுதிய ஸ்கிரிப்டில் பார்ப்போம், நகல் எடுத்து நம்முடையதில் ஒட்டுவோம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. எனக்கு ஆயிரம், உங்களுக்கு ஆயிரத்து ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கோப்பை நீங்கள் அழிக்க முடியாது, உங்களுடையதை நான் அழிக்க முடியாது. ஆனால் பூஜ்ஜியம் என்ற எண்ணுக்கு இந்த வேலிகள் கிடையாது. அந்தப் பயனருக்கு வழக்கமாக வைக்கும் பெயர் 'ரூட்'. எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். எனவே நிர்வாக வேலை செய்யும் ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே கேட்டுக்கொள்கிறது: 'நீ பூஜ்ஜியமா?'

எட்டு வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நான் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனம். சர்வரில் தற்காலிகக் கோப்புகள் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கோப்புறைக்குள் போ, அங்கே இருப்பதையெல்லாம் அழி. இரண்டே வேலை. மேலே வழக்கமான மூன்று வரி. இரவு பதினொன்றே முக்கால் இருக்கும், ஓட்டினேன். நீ பூஜ்ஜியமா? ஆமாம். உள்ளே போனது.

அன்றைக்கு மாலையில்தான் யாரோ அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றியிருந்தார்கள். 'அங்கே போ' என்ற கட்டளை தோற்றது. தோற்றால் நின்றுவிடு என்று நான் எழுதவில்லை. ஷெல் நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போய், நான் அப்போது எந்த இடத்தில் இருந்தேனோ அந்த இடத்தில் இருந்ததையெல்லாம் அழித்தது. நான் இருந்தது டேட்டா என்ட்ரி பிரிவின் கோப்புறையில். வேறு எதையோ பார்க்கப் போனவன் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முந்தைய நள்ளிரவின் பேக்கப் இருந்தது. ஆக, போனது ஒரு நாள் வேலை. பதினான்கு பேர் காலையிலிருந்து மாலை வரை படிவங்களைப் பார்த்துப் பார்த்து அடித்த ஒரு நாள். முக்கால்வாசிப் பேர் பெண்கள், அடிக்கிற எண்ணிக்கைக்குச் சம்பளம்.

அந்த சர்வருக்குள் நாங்கள் நாலு பேர் போவோம். நாலு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, நேராக ரூட்டாகவே நுழைவோம், அதுவும் ஒரே இடைக்கணினி வழியாக. மறுநாள் காலையில் லாகைத் திறந்து பார்த்தபோது, இந்த நேரத்தில் இந்த ஸ்கிரிப்ட் ஓடியது, ஓட்டியவர் ரூட் என்று இருந்தது. எங்களில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு அன்றைக்கு இரவு ஷிப்ட். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் 'நான் இல்ல சார், நான் இல்ல சார்' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் சும்மா இருந்தேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ரூட்ல ஓடினது. யாருன்னு எப்படியும் தெரியாது. விடுப்பா" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

முதலில் அந்த மூன்று வரிகளுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அவை பூட்டு இல்லை. நிறைய பேர் அப்படி நினைக்கிறார்கள். ஸ்கிரிப்ட் என்பது வெறும் எழுத்து. அதைத் திறந்து அந்த மூன்று வரியை நீக்கிவிட்டு யாரும் ஓட்டலாம். அதிகாரம் இல்லாதவனைத் தடுப்பது அந்த வரிகள் அல்ல, உள்ளே இருக்கும் கெர்னல். அது ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனியாகப் பார்க்கும், தனித்தனியாக மறுக்கும்.

அப்புறம் எதற்கு இந்தச் சோதனை? பத்து படி உள்ள ஒரு வேலையில் முதல் மூன்று படிக்கு ரூட் வேண்டாம், நான்காவதுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பயனர் ஓட்டினால் மூன்று முடிந்து நான்காவதில் நிற்கும். பாதி மாறிய, பாதி மாறாத ஒரு இயந்திரம் கையில் கிடைக்கும். அந்தரத்தில் விடாமல் வாசலிலேயே சொல்லிவிடுவது ஒரு மரியாதை. 'இந்தக் காரியம் உங்களால் முழுசாக முடியாது, ஆரம்பிக்காதீர்கள்.' அந்த அளவில் அது நல்ல பழக்கம்தான்.

சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. பூஜ்ஜியம் இல்லாதவனிடம் அந்தச் சோதனை 'உன்னால் முடியாது' என்கிறது. அது உண்மை. பூஜ்ஜியமாக இருப்பவனிடம் எதுவும் சொல்லாமல் வழிவிடுகிறது. அந்த மௌனத்தை நாம் 'நீ செய்யலாம்' என்று கேட்டுக்கொள்கிறோம். 'முடியுமா' என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை 'செய்யலாமா' என்பதற்கு எழுதிக்கொள்கிறோம். தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வினை இருக்கிறது. முடியும் வேறு, ஆகும் வேறு. 'அதெல்லாம் ஆகாதுப்பா' என்று ஒரு பாட்டி சொன்னால், முடியாது என்றா அர்த்தம்? முடியும், ஆனால் கூடாது.

அந்தக் கேள்வியே கொஞ்சம் சோம்பேறித்தனமான கேள்வி என்பதையும் பிறகு கவனித்தேன். ஸ்கிரிப்டுக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு கோப்புறையில் எழுதும் உரிமையாக இருக்கும். அந்தக் கோப்புறையில் எழுத முடிகிறதா என்று நேரடியாகவே பார்க்கலாம். அதைக் கேட்காமல் 'நீ எல்லாவற்றுக்கும் மேலானவனா' என்று கேட்கிறோம். ஒரு அறையின் சாவி போதும் என்னும்போது, அரண்மனைச் சாவிக்கொத்தைக் காட்டச் சொல்கிறோம். அதைவிட, அந்தப் பதிலும் எப்போதும் நம்பத்தக்கது அல்ல. இன்றைய கன்டெய்னர்களுக்குள் பூஜ்ஜியம் என்று சொல்லிக்கொள்ளும் பயனர், பெட்டிக்கு வெளியே ஒன்றும் இல்லாதவராக இருக்கக்கூடும். நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர் மாதிரி.

தலைகீழாகக் கேட்கும் நிரல்களும் உண்டு. ஆர்ச் லினக்ஸில் மென்பொருள் பொதிகளைக் கட்டும் 'மேக்பிகேஜி' ரூட்டாக ஓட்டினால் ஓட மறுக்கும். மேக் கணினிகளில் புழங்கும் 'ஹோம்ப்ரூ'வும் அப்படித்தான், சூடோ போட்டு ஓட்டினால் வெளியேறிவிடும். அதே சோதனை, அதே எண், ஆனால் பதில் வேறு: 'நீங்கள் பூஜ்ஜியமா? அப்படியானால் மன்னிக்கவும், இந்த வேலைக்கு அவ்வளவு பெரிய ஆள் வேண்டாம். சாதாரண ஆளாக வாருங்கள்.' முதல்முறை பார்த்தபோது சிரித்தேன். பிறகு யோசித்தால், அதிகாரத்தைப் பற்றிக் கணினி சொல்லும் மிக நாகரிகமான வாக்கியம் இதுதானோ என்று தோன்றியது.

3

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். ஊர் என்றால் கைலாசபுரம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் திருவெறும்பூர் பக்கம், பெல் டவுன்ஷிப். 1960களில் அங்கே உயர் அழுத்த பாய்லர் ஆலை வந்தபோது கூடவே வந்த குடியிருப்பு. மரமும் நிழலும் ஒரே மாதிரி வீடுகளுமாக, ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப விழித்துத் தூங்கும் ஊர். நான் பிறந்ததிலிருந்து அங்கேதான். அப்பா வெல்டர். எச்.பி. வெல்டர் என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நிமிரும். ரிட்டயர் ஆக அப்போது இன்னும் ஏழு மாதம் இருந்தது.

வெல்டிங் என்றால் தெருமுனைப் பட்டறையில் கேட் செய்வது என்றுதான் வெளியில் நினைப்பார்கள். அனல்மின் நிலையத்தின் பாய்லர் என்பது ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகளால் ஆனது. உள்ளே கொதிநீரும் நீராவியும் பேரழுத்தத்தில் ஓடும். ஒரு ஜாயின்ட் விட்டுப்போனாலும் போதும். அதனால் அந்த வேலையில் 'நீ யார்' என்ற சோதனை எங்கள் துறையைவிடப் பல மடங்கு கறார். திருச்சியில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1975ல் பெல் தொடங்கி நடத்திவருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெல்டருக்குத் தேர்வு உண்டு. அதில் எல்லோரும் பயப்படுவது 6ஜி. குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து அசையாமல் பிடித்திருப்பார்கள். அதைச் சுற்றி மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லா நிலையிலும் கை போக வேண்டும். தேறினால் சான்று. ஆனால் அந்தச் சான்று 'இவர் வெல்டர்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாது. எந்த முறையில், எவ்வளவு தடிமன் வரை, எந்த வகை உலோகத்தில் என்று எல்லை போட்டிருக்கும். பாய்லர் உலகில் பரவலாகப் பின்பற்றும் அமெரிக்க விதித்தொகுப்பின்படி, ஒருவர் ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தாலே அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். மறுபடி செய்து காட்ட வேண்டும். பதவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்பா அடிக்கடி சொல்வார், "ஜி.எம்.மே வந்தாலும் டார்ச்சத் தொட முடியாதுடா. அவருக்கு டிக்கெட் இல்ல."

இதை அவர் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேனே தவிர, இதற்கு அர்த்தம் இருக்கிறது என்று அந்த வாரக் கடைசிக்கு முன்னால் நினைத்ததில்லை. என் உலகத்தில் ஒரே ஒரு டிக்கெட்தான். பூஜ்ஜியம். அது எல்லா முறைக்கும், எல்லா உலோகத்துக்கும், எல்லாக் காலத்துக்கும் செல்லும்.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அப்பாதான் கேட்டார்.

"என்னடா, வந்ததுலேந்து ஒரு மாதிரி இருக்க?"

சொன்னேன். பையனைப் பார்த்து எல்லோரும் நின்றதையும், நான் மதியம் வரை வாயைத் திறக்காததையும் சேர்த்தே சொன்னேன். மேலாளர் சொன்னதையும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவருக்குப் புரிந்த இடத்திலிருந்து கேட்டார்.

"யாரு போட்ட ஜாயின்ட்டுன்னு நம்பர் இருக்காதா அதுல?"

"இல்லப்பா. எல்லாருக்கும் ஒரே நம்பர்தான்."

"எல்லாருக்கும் ஒரே நம்பரா?" அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "அப்ப அது நம்பரே இல்லியேடா."

வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் அதைப் பதிப்பார்கள், இல்லையென்றால் எந்த ஜாயின்ட் யாருடையது என்று பதிவேட்டில் ஏறும். அதன் பிறகு எக்ஸ்ரே. ஃபிலிமில் வெல்டிங் வெளிச்சமாகத் தெரியும், குறை கறுப்பாகத் தெரியும். அப்பா தன் இளவயதில் வெளியூர் சைட் ஒன்றுக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொன்னார். ஒரு ஜாயின்ட்டில் ரூட் சரியாக இறங்கவில்லை. ஆம், அங்கேயும் ரூட்தான். இரண்டு குழாய்களுக்கு நடுவே அடியாழத்தில் முதலில் ஓட்டும் கோட்டுக்கு ரூட் என்று பெயர். அதன்மேல் வரிசையாக அடுத்தடுத்த ஓட்டங்கள் வந்து மூடிவிடும். வெளியே பார்த்தால் மீன் செதில் மாதிரி அழகாக இருக்கும். அடியில் பிடிக்காத இடம் ஃபிலிமில் மட்டும் நேரான கறுப்புக் கோடாக நிற்கும்.

"கூப்டுக் காட்டினாங்க. என் நம்பர். வெளக்குக்கு முன்னாடி ஃபிலிம வச்சு, 'பாருய்யா'ன்னாரு. கூனிக்குறுகிப் போச்சு. ஆனா ஒண்ணு, என்னுதுன்னு தெரிஞ்சதாலதான அத நானே கிரைண்ட் பண்ணி எடுத்து மறுபடி போட முடிஞ்சுது? ரெண்டாவது ஃபிலிம் சுத்தமா வந்துச்சு. அந்த ஃபிலிமையும் எனக்குக் காட்டினாங்க."

அதற்குமேல் அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "கொசு கடிக்குது, உள்ள போலாம்" என்று எழுந்துவிட்டார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நான் அதுவரை பெயர் பதிவதை ஒரே விதமாகத்தான் நினைத்திருந்தேன்: மாட்டிக்கொள்வதற்கு. தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிவதற்கு. மேலாளர் எனக்குத் தந்த நிம்மதியும் அதுதான், பிடிபடவில்லை என்ற நிம்மதி. அப்பா சொன்னதில் பெயர் வேறொரு வேலை செய்தது. குறையை அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தது. பெயர் இல்லாத தவறைத் திருத்த முடியாது, சகித்துக்கொள்ளத்தான் முடியும். அதைச் சகித்துக்கொண்டவர்கள், சனிக்கிழமை விடுமுறையில் வந்து ஒரு நாள் வேலையை மறுபடி அடித்த பதினான்கு பேர். நான் அவர்களிடமிருந்து மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவன். மன்னிப்புக் கேட்கும் இடத்தைக்கூட அந்தப் பூஜ்ஜியம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

4

இனி கொஞ்சம் எதிர்வாதத்தையும் பார்ப்போம். 'பிரச்சினை அதிகாரம் இல்லை, கவனக்குறைவு. கட்டளை தோற்றால் நில் என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்தது. இதில் தத்துவம் எங்கே வந்தது?' என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி.

2011ல் 'பம்பிள்பீ' என்ற திட்டம். மடிக்கணினிகளில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்களுக்கு இடையே மாற உதவும் மென்பொருள். அதன் நிறுவல் ஸ்கிரிப்டில் அழிக்க வேண்டிய பாதையின் நடுவே ஒரே ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டது. ஒரு பாதை இரண்டாகப் பிரிந்தது. முதல் பாதி, கணினியின் பெரும்பாலான மென்பொருள்கள் இருக்கும் '/யூஎஸ்ஆர்' கோப்புறை. நிறுவல் ஸ்கிரிப்ட் என்பதால் ரூட்டாகத்தான் ஓட்டுவார்கள். அதிகாரச் சோதனை எதுவானாலும் தேறியிருக்கும். ஓட்டியவர்களின் கணினி காலியானது.

2015 ஜனவரியில் 'ஸ்டீம்'. கணினி விளையாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். அதன் லினக்ஸ் ஸ்கிரிப்டில், தன் கோப்புறை எங்கே என்று கண்டுபிடித்து அதற்குள் இருப்பதை அழிக்கும் வரி ஒன்று இருந்தது. குறிப்பிட்ட சூழலில் அந்த மாறி காலியாகிவிடும். காலிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும். அதாவது, எல்லாவற்றையும் அழி. அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதியவரே 'பயமா இருக்கு' என்ற பொருளில் ஒரு குறிப்பு வைத்திருந்தார். ஒரு பயனருக்கு இணைத்திருந்த வெளி வட்டிலிருந்த பேக்கப்பும் சேர்ந்து போனது. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே ரூட்டே இல்லை. சாதாரணப் பயனர் அதிகாரம்தான். ஆனால் ஒருவருக்கு வாழ்க்கையில் முக்கியமானதெல்லாம், புகைப்படங்கள், கடிதங்கள், எழுதி முடிக்காத கதைகள், அவர் பெயரில்தானே இருக்கும்? இயங்குதளத்தை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். அதைக் காக்கத்தான் அத்தனை வேலிகளும். திரும்பக் கிடைக்காதவற்றுக்கு வேலி இல்லை.

இங்கே ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாய்லரில் அழுத்தம் எல்லை மீறினால் வால்வு தானாகத் திறக்கும், பக்கத்தில் நிற்பது யார் என்று பார்க்காது. அதே போல 2006லிருந்து குனு அழிப்புக் கட்டளை, '/' என்ற மூலக் கோப்புறையை அழிக்கச் சொன்னால் ரூட்டுக்கும் மறுத்துவிடும். ஆனால் நட்சத்திரக் குறி சேர்ந்தால் ஷெல் அதை விரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் பெயரையும் தனித்தனியாகக் கொடுத்துவிடும். வால்வுக்கு மூலக் கோப்புறை கண்ணிலேயே படாது.

ஆக, இரண்டு சம்பவத்திலும் நண்பன் சொன்ன கவனக்குறைவு இருக்கிறது. ஆனால் கவனக்குறைவு எல்லோருக்கும் உண்டு. அது எவ்வளவு தூரம் பாயும் என்பதைத் தீர்மானிப்பது அதிகாரம். 'யார்' என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் 'எதை', 'எங்கே', 'யார் சொல்லி' என்ற கேள்விகள் நம் மனசில் அவிந்துவிடுகின்றன. அதைத்தான் தத்துவம் என்கிறேன்.

'யார் சொல்லி' என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. நார்ம் ஹார்டி என்ற நிரலாளர் 1988ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். டைம்ஷேர் என்ற நிறுவனத்தின் பொதுக் கணினியில் ஒரு கம்பைலர் இருந்தது. மொழியின் எந்த அம்சம் எவ்வளவு பயன்படுகிறது என்று புள்ளிவிவரம் எழுதுவதற்காக ஒரு நிர்வாகக் கோப்புறையில் எழுதும் உரிமையை அதற்குக் கொடுத்திருந்தார்கள். பயனர், 'என் நிரலின் வெளியீட்டை இந்தப் பெயரில் எழுது' என்று அதனிடம் ஒரு கோப்புப் பெயர் கொடுக்கலாம். ஒருவர் அந்த நிர்வாகக் கோப்புறையில் இருந்த பில் கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டார். பயனருக்கு அதைத் தொட உரிமை இல்லை, கம்பைலருக்கு இருந்தது. எழுதியது. கட்டணக் கணக்கு போயிற்று. இப்படி, தன் அதிகாரத்தை இன்னொருவரின் நோக்கத்துக்குத் தெரியாமல் கடன் கொடுக்கும் நிரலுக்குக் 'குழம்பிய பிரதிநிதி' என்ற பொருளில் ஹார்டி பெயர் வைத்தார்.

இதைப் படித்ததும் எனக்கு மதுரைதான் ஞாபகம் வந்தது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லனுக்கு யாரையும் கொல்லும் அதிகாரம் இல்லை. பாண்டியனுக்கு இருக்கிறது. அரசியின் ஊடலைத் தீர்க்கப் போகிற அவசரத்தில் இருந்த அரசனிடம் பொற்கொல்லன் ஒரு செய்தியைக் கொடுக்கிறான். பாண்டியன் கண்மூடித்தனமாக ஆணையிடவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவன் ஆணையிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொல் என்பதுதான் அது. ஒரு இஃப் வரி! சிலம்பு கையில் இருந்தது. சோதனை தேறியது. கட்டளை ஓடியது.

சோதனை இல்லாமல் இல்லை, தவறான சோதனை. 'சிலம்பு இருக்கிறதா' என்று கேட்டான், 'யாருடைய சிலம்பு' என்று கேட்கவில்லை. கண்ணகி வந்து செய்தது அந்த விடுபட்ட சோதனையைத்தான். உடைத்துக் காட்டினாள். உள்ளே முத்து இல்லை, மாணிக்கம். எவ்வளவு மலிவான சோதனை, ஒரு சிலம்பை உடைத்துப் பார்ப்பது! ஆனால் பாண்டியனிடம் ஒரு விஷயம் இருந்தது, எட்டு வருடம் முன்னால் என்னிடம் இல்லாதது. 'அரசாணைப்படி நடந்தது' என்று அவன் அந்தப் பதவிக்குப் பின்னால் ஒளியவில்லை. நானே கள்வன் என்று ஏற்றுக்கொண்டு அங்கேயே விழுந்தான். அரசன் செய்த தவறைப் பாண்டியன் தன் பெயரில் எழுதிக்கொண்டான்.

5

எங்கள் துறையும் இதைக் கண்டுபிடிக்காமல் இல்லை. 1975ல் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இருவர் எழுதிய ஒரு கட்டுரை, ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் அந்த வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு மட்டுமே இயங்க வேண்டும் என்று சொன்னது. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் காக்ஷால், ஸ்பென்சர் என்ற இருவர் 'சூடோ'வை எழுதினார்கள். அதை ரூட் ஆவதற்கான குறுக்குவழி என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது எதிர்த் திசையில் போன ஒன்று. அதற்கு முன் ரூட் வேலை செய்ய ரூட்டின் பாஸ்வேர்டு தெரிய வேண்டும். எங்கள் அலுவலகம் மாதிரி நாலு பேர் ஒரே முகமூடியை மாட்டிக்கொள்ள வேண்டும். சூடோவில் வழக்கமாக நீங்கள் உங்கள் சொந்த பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்கள். எந்தெந்தக் கட்டளைக்கு மட்டும் உரிமை என்று எல்லை போடலாம். சில நிமிடங்களில் அது காலாவதியாகும், வெல்டரின் ஆறு மாதம் போல. யார் எப்போது என்ன ஓட்டினார் என்று பெயரோடு பதிவாகும். ஸ்கிரிப்டுக்கும் 'சூடோ யூசர்' என்ற மாறியில் அந்தப் பெயர் வந்து சேரும்.

பல கணினிகளில் முதல்முறை சூடோ அடிக்கும்போது ஒரு சின்ன உபதேசம் திரையில் வரும். மூன்று அம்சம். அடுத்தவரின் அந்தரங்கத்தை மதி, அடிக்கும் முன் யோசி, பெரிய அதிகாரத்தோடு பெரிய பொறுப்பும் வரும் என்று. எல்லோரும் ஓர் அலுப்போடு தாண்டிப்போகிற வாசகம். அது உரிமையைச் சோதிக்கவில்லை. சோதனை செய்ய முடியாததை, வேறு வழியில்லாமல், வேண்டிக் கேட்கிறது.

இந்தக் கேள்வி கணினியோடு நிற்கவில்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். வீட்டில் பெரியவர்களின் போன் பின் நமக்குத் தெரியும். அவர்களின் வங்கிச் செயலியை நாம்தான் போட்டுக் கொடுத்திருக்கிறோம். தாலுகா ஆபீஸில் ஒரு கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் ஒரு டி.சி., ஆஸ்பத்திரியில் ஒரு வரிசை. ஏதோ ஓரிடத்தில் நாம் எல்லோருமே யாருக்கோ பூஜ்ஜியம். அங்கே நம்மை யாரும் தடுக்கப்போவதில்லை. தடுக்க ஆளில்லை என்பதைச் சம்மதம் என்று வாசிப்பது எவ்வளவு சுலபம்! நல்லவர்கள்கூட அப்படித்தான் வாசிக்கிறார்கள். நான் அப்படித்தான் வாசித்தேன். அதற்கு அடுத்த படியும் உடனே வந்துவிடும்: 'நான் செய்யலையே, ஆபீஸ் செஞ்சுது. ரூல்ஸ் செஞ்சுது. ரூட் செஞ்சுது.'

திங்கட்கிழமை திரும்பிப் போனேன். அந்தப் பையனிடம் தனியாகச் சொன்னேன். பிறகு டேட்டா என்ட்ரி பிரிவுக்குப் போய்ச் சொன்னேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அக்கா, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார். இன்னொருவர் நிமிரவே இல்லை, அடித்துக்கொண்டே இருந்தார். அந்த நிமிராத முகம்தான் எனக்குக் காட்டப்பட்ட ஃபிலிம். அப்பாவுக்குக் கிடைத்த இரண்டாவது ஃபிலிம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு நாள் கூலியை அவர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன். பாதி கொடுத்தார்கள்.

இப்போதும் ஸ்கிரிப்ட் எழுதும்போது அந்த மூன்று வரிகளை வைக்கிறேன். அதற்குக் கீழே இன்னும் மூன்று. ரூட்டாக வந்தவரின் சொந்தப் பெயர் காலியாக இருந்தால் 'உங்கள் பெயரில் வாருங்கள்' என்று சொல்லிவிட்டு வெளியேறு. இதை ஏமாற்ற முடியும், தெரியும். ரூட்டால் எந்த மாறியையும் நிரப்ப முடியும், லாகையே மாற்றி எழுத முடியும். இது பூட்டு இல்லை, முதல் மூன்று வரி போலவே வாசலில் ஒரு மரியாதை.

போன மாதம் எங்கள் அணியில் சேர்ந்த ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த செக் எதுக்கு? ரூட்டா வந்தா எல்லாம் பண்ணலாம்தானே?" என்று கேட்டாள்.

பண்ணலாம்மா என்றேன். அப்புறம் இந்தக் கதையைச் சொன்னேன்.